வாரன்டி ஓராண்டு சரி, கெட்டுப்போனால் கையில் என்ன வரும்?

இந்தியாவில் விற்கும் ஹெட்செட்களில் பெரும்பாலானவற்றுக்கு வாரன்டி ஓராண்டுதான். போட், சோனி, ஜேபிஎல், ஆப்பிள் எல்லாம் அப்படித்தான். சென்ஹைசர் பல மாடல்களுக்கு 2 ஆண்டு தருகிறது. 1,500 ரூபாய் இயர்பட்ஸுக்கும் 25,000 ரூபாய் ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கும் அதே ஓராண்டு என்றால், அந்த எண்ணை வைத்து ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது? எட்டாவது மாதம் ஒரு காதில் சத்தம் நின்றுபோனால் என்ன செய்வார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விலை குறைந்த வயர்லெஸ் இயர்பட்ஸில் ரிப்பேர் என்ற பேச்சே அநேகமாக இல்லை. பசை போட்டு ஒட்டிய குட்டி உறை, உள்ளே அதைவிடக் குட்டியாக ஒரு லித்தியம் பேட்டரி. அதைத் திறந்து மூடும் கூலிக்குப் புதிதாகவே ஒன்றைக் கொடுத்துவிடலாம். அதனால் மாற்றித்தான் தருவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் அப்படி ஒரு முறை மாற்றிக் கொடுத்தார்கள்: எட்டாவது மாதம் அனுப்பினேன், ஒன்பதாவது மாதம் வேறு ஒரு ஜோடி வந்தது, அதற்கு நான்கு மாதம் கழித்து அதன் கேஸ் சார்ஜ் ஏற மறுத்தது. போன் செய்தால், "உங்க வாரன்டி முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சு சார்." பொருள்தான் புதிது, கணக்கு பழைய பில்லின் தேதியிலிருந்தே ஓடுகிறது.

இந்த விஷயத்தில் ஆப்பிள் கொஞ்சம் தாராளம். மாற்றிக் கொடுத்த பொருளுக்கு 90 நாள் அல்லது பழைய வாரன்டியில் மிச்சமிருக்கும் காலம், இரண்டில் எது அதிகமோ அது உண்டு. (என் கதையில் அதுவும் உதவியிருக்காது, மூன்று மாதம்தானே மிச்சம்.) அதைவிட முக்கியம், ஒரு பக்க பட் மட்டும் தொலைந்தாலும், கேஸ் மட்டும் போனாலும், அதை மட்டும் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மற்ற பல பிராண்டுகளில் ஒரு காது தொலைந்தால் மொத்த செட்டுக்கும் கும்பிடு போட வேண்டியதுதான். அப்புறம் ஆப்பிள்கேர் பிளஸ், தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஆப்பிளின் கூடுதல் பாதுகாப்புத் திட்டம். வாங்கிய நாளிலிருந்து மொத்தம் 2 ஆண்டு, கீழே விழுந்து உடைந்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம், பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் கவனிப்பார்கள். தொலைந்தால் மட்டும் கிடையாது. முதல் தலைமுறை ஏர்பாட்ஸ் ப்ரோவில் கரகரப்புச் சத்தம் வந்தபோது, 2020 அக்டோபருக்கு முன் தயாரானவற்றுக்கு இலவச சர்வீஸ் அறிவித்து, பிறகு அதை வாங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வரை நீட்டினார்கள். எந்த வாரன்டி அட்டையிலும் இல்லாத ஒன்று அது. ஆனால் இதற்கெல்லாம் சேர்த்துத்தான் முன்கூட்டியே விலையில் வாங்கிவிடுகிறார்கள், அதையும் மறக்க வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் எல்லா கம்பெனியும் ஏறக்குறைய ஒரே கட்சி. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 (தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்ற தரக்குறி) என்று பெரிதாகப் போட்டிருக்கும், ஜிம்மில் வியர்வை வழிய ஓடுபவரின் படமும் இருக்கும். உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் எழுதிவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் வயர் வைத்தவை. கழற்றி மாட்டும் 2-பின் கேபிள் உள்ள சீன இயர்போன் 1,500 ரூபாய்க்கே கிடைக்கிறது. வயர் இயர்போனில் முதலில் சாவது கேபிள்தான், அது சில நூறு ரூபாய். பேட்டரி இல்லை, அதனால் வயதாகி இளைப்பதும் இல்லை. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கியிருந்தால் வாரன்டி பெயரளவுக்குத்தான், திருப்பி அனுப்பும் செலவே பாதி விலையைத் தின்றுவிடும். அது தெரிந்தும் நான் இதைத்தான் சொல்வேன். இன்னும் கொஞ்சம் மேலே போனால் காதை முழுக்க மூடும் ஹெட்போன், சென்ஹைசரின் எச்டி 600. 1997-ல் வந்த மாடல், கையாலேயே கழற்றலாம், காது மெத்தையும் கேபிளும் இன்னும் தனியாகக் கிடைக்கின்றன. வாரன்டி முடிந்து எத்தனையோ ஆண்டு கழித்தும் உதிரிபாகம் கிடைக்கிறதே, அதற்கு முன்னால் ஓராண்டு என்ன, இரண்டாண்டு என்ன. பஸ்ஸில் மாட்டிக்கொண்டு போக முடியாது என்பது வேறு விஷயம், வெளிச்சத்தம் மொத்தமும் உள்ளே வரும்.

கடையிலோ ஆன்லைனிலோ தனியாக விற்கும் நீட்டிப்பு வாரன்டியை 2,000 ரூபாய் இயர்பட்ஸுக்கு வாங்காதீர்கள். பேட்டரித் தேய்மானத்தை விலக்கியிருக்கிறதா என்று முதலில் படியுங்கள். விலக்கியிருந்தால் இரண்டாம் ஆண்டில் எது போகுமோ அதற்கே அது உதவாது.

வாரன்டிக்குள் இருக்கும் பொருளை இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். கடைக்காரர் பில் இல்லாமல் 200 ரூபாய் குறைத்துக்கொள்கிறேன் என்றால் அந்த 200-க்கு வாரன்டியையே விற்கிறீர்கள் என்று அர்த்தம். வாங்கிய அன்றே அதை போட்டோவும் எடுத்து வையுங்கள். அந்த வழவழ தாளில் இருக்கும் எழுத்து பர்ஸுக்குள் ஆறு மாதம் கூடத் தாங்காது.