ஆயிலை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை: கம்பெனி சர்வீஸா, பழகிய மெக்கானிக்கா?

வாரண்டி முடிந்த என் டீசல் காரில், 10,000 கிலோமீட்டர் நிறைவதற்கு வெகு முன்னதாகவே எஞ்சின் ஆயிலை மாற்றச் சொல்லும் எச்சரிக்கை டேஷ்போர்டில் வந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போவதா, பழகிய மெக்கானிக்கிடம் விடுவதா என்று யோசித்து, மெக்கானிக்கிடமே விட்டேன். இந்த எச்சரிக்கை வேறு; சிவப்பு நிறத்தில் ஆயில் கேன் சின்னம் எரிந்தால், அது ஆயில் அழுத்தம் குறைந்ததற்கான அறிகுறி. அப்போது ஓரமாக நிறுத்தி எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும்.

வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸே நல்லது. செலவு வெளியில் பெரும்பாலும் குறையும். இவை எல்லோரும் அறிந்தவை. முடிவைத் தீர்மானிப்பது, எஞ்சினுக்குள் எந்த ஆயில் ஊற்றப்படுகிறது என்பதுதான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை வெளியீட்டுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் விற்கப்படும் டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி பரவலாகிவிட்டது. சேர்ந்த கரியை எரிப்பதற்காகப் பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் கூடுதலாக டீசலைத் தெளிக்கின்றன; அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிடுகிறது. நகருக்குள் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று மீண்டும் மீண்டும் தொடங்குவதால் கலப்பு கூடுகிறது, ஆயில் நீர்த்துப்போகிறது; எச்சரிக்கை சீக்கிரமே வருவதும் இதனால் இருக்கலாம். ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி செருகிப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டையும் தாண்டி நிற்பதுண்டு. ஆகவே கொஞ்சம் ஆயிலை மேலே ஊற்றிச் சமாளிக்கலாம் என்ற மூன்றாவது வழி இங்கே உதவாது, கேடாகவும் முடியலாம்.

இத்தகைய எஞ்சினுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் தேவை. ஆயிலின் சேர்மானங்களிலிருந்து வரும் சாம்பல், கரியைப்போல் எரிந்து தீராமல் டிபிஎஃப்பிலேயே தங்கி, காலப்போக்கில் அதை அடைத்துவிடும். கேனில் ஆயிலின் பாகுத்தன்மையைக் குறிக்கும் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கமான ஏசிஇஏ வகுத்த சி3 போன்ற தரக்குறியீடு, வண்டியோடு தந்த கையேட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். கம்பெனியில் இந்தக் கவலை குறைவு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே பீப்பாயிலிருந்து குழாய் வழியாக இறங்கும் ஆயிலைக் காத்திருப்பு அறையில் இருப்பவர் பார்ப்பதில்லை. மெக்கானிக்கிடமோ, நானே வாங்கிச் சென்ற கேனின் சீல் என் கண்முன் உடைந்தது. பழைய ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்து முடியும்வரை காத்திருந்து, வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, ஃபில்டரையும் மாற்றினார். வண்டிக்காரர் கையேட்டைப் புரட்டப் பொறுமையில்லாமல், கடையில் இருப்பதை ஊற்றச் சொல்பவராக இருந்தால் கம்பெனிக்குப் போவதே மேல்.

மாற்றியபின் எச்சரிக்கைக் கணக்கை ரீசெட் செய்யவும் வேண்டும். சில கார்களில் திரை மெனுவிலேயே முடியும். சிலவற்றுக்கு ஸ்கேனர் தேவை. அது மெக்கானிக்கிடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

மறுவிற்பனையில் கம்பெனி சர்வீஸ் பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. இந்த வண்டியை நான் இன்னும் விற்கவில்லை என்பதால், அது இல்லாததற்காக விலை எவ்வளவு இறங்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆயில், ஃபில்டர் பில்களில் ஓடிய கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி வைத்து வருகிறேன்.