வேலூர் ஏரி விராலுக்கு முதல் லூர் எது: தவளையா, ஸ்பின்னரா, சாஃப்ட் ஷேடா?

பாஸ் மீன் பிடிக்கும் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு ராடு வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. பாஸ் வட அமெரிக்க மீன். நம் பக்கத்து ஏரிகளில் அது கிடையாது. அந்த இடத்தில் இங்கே இருப்பது விரால். செடி ஓரத்தில் அசையாமல் கிடந்து, கிட்ட வரும் இரைமேல் பாயும் குணம் இரண்டுக்கும் ஒன்றே. அதனால் பாஸுக்குச் செய்த லூர்கள், அதாவது செயற்கை இரைகள், விராலுக்கும் பொருந்தும். எதை முதலில் வாங்குவது என்பதுதான் மாறுகிறது. விரால் காற்றுக்காக அடிக்கடி மேலே வரும் மீன்; அதன் வாயோ கெட்டி எலும்பு. நம் ஏரிகளில் பாதித் தண்ணீரை ஆகாயத்தாமரையும் அல்லியும் பாசியும் மூடியிருக்கும். கரையோரம் முழுக்க சீமைக்கருவேலக் கட்டைகள். மீனைவிடத் தண்ணீரைப் பார்த்துத்தான் இங்கே லூரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிதாகத் தொடங்குகிறவர் வாங்க வேண்டிய முதல் லூர் ரப்பர் தவளை. அடுத்தது சாஃப்ட் ஷேடு என்னும் ரப்பர் மீன். சுழலும் தகடு வைத்த ஸ்பின்னர் மூன்றாவது. அடியிலும் வாலிலும் மும்முள் தொங்கும் கிராங்க்பெய்ட்டை முதல் வருடம் தொடவே வேண்டாம். கருவேலக் கட்டையில் மாட்டி நாளுக்கு ஒன்றாகப் போகும்.

தவளைக்கு ஏன் முதலிடம்? உள்ளே வெற்றாக இருக்கும் ரப்பர் உடம்பு, முதுகோடு ஒட்டி மேல்நோக்கிய இரட்டை முள். செடிமேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். 5 செ.மீ. நீளம், 10 முதல் 13 கிராம் எடை போதும். 8 கிராமுக்குக் கீழே போனால் எதிர்காற்றில் புதியவர் கையிலிருந்து தூரம் போகாது.

பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் அப்படியே வீசக்கூடாது. முள் நுனிகள் ரப்பரில் அழுந்திப் படுத்திருந்தால் குறடால் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளிப்பக்கம் விரிக்க வேண்டும். அதற்கு மேல் விரித்தால் பாசியை வாரிக்கொண்டு வரும். பிறகு உடம்பை இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். லேசான அழுத்தத்திலேயே முள் முழுதாகத் தெரிய வேண்டும். கெட்டியாக இருந்தால் சுடுதண்ணீரில் சற்றுநேரம் போட்டுப் பிசைந்தால் இளகும். பின்னால் தொங்கும் கால் இழைகளில் ஒரு பக்கத்தை இரண்டு செ.மீ. கத்தரித்துவிட்டால் இழுக்கும்போது தவளை இடமும் வலமுமாகத் திரும்பும்.

செடிக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்துக்கு நேராக வீசுவது பலரும் செய்யும் பிழை. தொப்பென்று விழும் சத்தத்தில் மீன் ஒதுங்கிவிடும். வெற்றிடத்தைத் தாண்டி ஒரு மீட்டர் தள்ளிச் செடிமேல் விழ வைத்து, மெதுவாக இழுத்துத் தண்ணீரில் இறக்க வேண்டும். அங்கே ஐந்து விநாடி நிறுத்தம். பிறகு ராடு நுனியால் இரண்டு சின்ன வெட்டு, மறுபடி நிறுத்தம். நின்று கிடக்கும்போதுதான் பெரும்பாலும் அடி விழும்.

அடி விழுந்ததும் கை தானாக ராடைத் தூக்கும். அதை அடக்கத் தெரிந்தவருக்குத்தான் தவளை பலன் தரும். விரால் கீழிருந்து கவ்வித் திரும்பும்; வாயை மூடித் திரும்பி முடிப்பதற்குள் இழுத்தால் தவளை பறந்து கரைக்கு வந்துவிடும். அடி கேட்டதும் ராடு நுனியைத் தாழ்த்தி, தொய்வைச் சுற்றி, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு பலமாகத் தூக்க வேண்டும். மொத்தமே ஒன்றிரண்டு விநாடி. தூக்கிய வேகத்திலேயே தலையைச் செடிக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும். உள்ளே புகவிட்டால் தண்டுகளைச் சுற்றிக்கொள்ளும். ரீலின் டிராக் (மீன் இழுக்கும்போது நூலை விடும் பிரேக்) நன்றாக இறுகியிருக்க வேண்டியது இதற்குத்தான். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை தவளையைப் பிழிந்து உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றவும் மறக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் தங்கூஸ் நரம்பு உதவாது. அது நீளும், நீண்டால் எலும்பு வாயில் முள் இறங்காது. 30 முதல் 40 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூல், ஆறரை அடி மீடியம் ஹெவி ராடு, 3000 அளவு ரீல்: மூன்று வகை லூருக்கும் இந்த ஒரே கூட்டு போதும்.

ஸ்பின்னருக்கு உரிய இடம் திறந்த தண்ணீர். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை போல ஆழமும் பாறையும் உள்ள இடங்களில், அனுமதி கிடைத்தால், கரையைச் சீக்கிரம் அலச இதைவிட நல்லது இல்லை. காத்திருக்கத் தேவையில்லை, ஓட்டத்தில் அடிக்கும் மீன் பெரும்பாலும் தானே மாட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தண்ணீர் கலங்கலாக இருந்தால் வட்டத் தகடு. அது மெதுவாகச் சுழன்று அதிர்வை அதிகம் கொடுக்கும். தெளிந்த தண்ணீருக்கு இலை வடிவத் தகடு. தகடு சுழல்வது ராடு நுனியில் துடிப்பாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பாசி சுற்றியிருக்கிறது. நேர்கம்பியில் மும்முள் வைத்த சின்ன ஸ்பின்னர் ஒவ்வொரு இழைப் பாசியையும் அள்ளும், நூலையும் முறுக்கும். அதற்கு முறுக்கைத் தடுக்கும் சுழலி கட்டாயம். வளைந்த கம்பியில் ஒற்றை முள்ளும் பாவாடை போன்ற ரப்பர் இழைகளும் உள்ள ஸ்பின்னர்பெய்ட் கட்டைகளை ஓரளவு தாண்டி வரும். இரண்டுமே நிறுத்தினால் மூழ்கும். காவேரிப்பாக்கம் ஏரி மாதிரிப் பரந்த ஏரிகளில் செடி மண்டிய ஓரங்களுக்கு இவை ஒத்துவரா.

சித்திரை, வைகாசி வெயிலில் காலை ஒன்பதுக்கு மேல் விரால் துரத்தாது. செடி நிழலில் கீழே கிடக்கும். அப்போது சாஃப்ட் ஷேடு. மூன்றரை அங்குல ரப்பர் மீன், 3/0 அளவு வளைகழுத்து முள், முன்னால் 3 முதல் 5 கிராம் குண்டு ஈயம். கோர்க்கும் விதம்தான் முக்கியம். மூக்கில் அரை செ.மீ. குத்தி, தாடையில் வெளியே எடுத்து, முள்ளின் கழுத்துவரை தள்ளித் திருப்புங்கள். முள்ளை உடம்போடு வைத்து எங்கே வருகிறது என்று அளந்து, அந்த இடத்தில் வயிற்றில் நுழைத்து முதுகில் எடுத்து, நுனியை மட்டும் தோலில் பதித்துவிடுங்கள். உடம்பு நூல்பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். வளைந்திருந்தால் தண்ணீரில் சுழலும், நூல் முறுக்கும், மீன் தொடாது. செடி ஓரத்தில் இறக்கி, தரை தட்டியதும் ஒரு அடி தூக்கி மறுபடி விழவிட வேண்டும். இதன் குறை, ஜிலேபி கெண்டை வாலைக் கடித்துக் கடித்துத் தின்றுவிடும். ஆறேழு உருப்படி கையில் இருக்கட்டும்.

மண்புழு, கெண்டைக்குஞ்சு கோர்த்த தூண்டில் இவற்றைவிட அதிக மீன் தரும் என்பது உண்மைதான். ஆனால் விரால் இரையைத் தொண்டைவரை விழுங்கும். சின்ன மீனைத் திருப்பிவிட வழியிருக்காது. லூரில் பெரும்பாலும் உதட்டோரம்தான் மாட்டும்.

எந்த ஏரியானாலும் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளித்தால் அங்கே வீச வேண்டாம். காவலுக்கு நிற்கும் தாய் தகப்பன் எதையும் அடிக்கும். அவற்றை எடுத்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீனுக்கு இரை.

தவளையும் ஷேடும் சேர்ந்து உதவும் ஒரு தருணம் உண்டு. விரால் தவளையை அடித்துத் தவறவிட்டால் அதே இடத்தில் தவளையையே மறுபடி வீசாதீர்கள். ஈயமில்லாமல் ஷேடு கட்டிய இரண்டாவது ராடு தயாராக இருந்தால், அரை நிமிடத்துக்குள் அடி விழுந்த இடத்துக்கு ஓரடி அப்பால் போட்டு மெல்ல மூழ்கவிடுங்கள். ஏமாந்த மீன் பெரும்பாலும் அங்கேயேதான் நிற்கும். நூல் பக்கவாட்டில் நகர்ந்தால் கனத்துக்குக் காத்திருக்காமல் உடனே தூக்குங்கள்.