லாபத்தில் பங்கா, விற்பனையில் பங்கா?

"இந்த ஜெர்சியை வாங்கினால் எங்கள் லாபத்தில் பாதி இளைஞர் அறக்கட்டளைக்குப் போகும்" என்று ஒரு விளையாட்டு உடை நிறுவனம் சொன்னால் மனம் இளகத்தான் செய்யும். இளகட்டும். ஆனால் பிள்ளைகளின் அணிக்கு மொத்தமாக இருபது ஜெர்சி எடுப்பவர், பாதி என்றால் எதில் பாதி என்று கேட்டே ஆகவேண்டும். அந்தப் பணம் யாருக்காக என்று சொல்கிறார்களோ, அவர்களும் பிள்ளைகள்தானே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஜெர்சி விலை 600 ரூபாய். நூல், தையல், பிரிண்டிங், வாடகை, சம்பளம் எல்லாம் போக 30 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் பாதி என்றால் அறக்கட்டளைக்கு 15 ரூபாய். விற்பனையில் 2 சதவீதம் தருகிற இன்னொரு நிறுவனம் கொடுப்பது 12 ரூபாய். சரி, முதல் ஆள்தான் தாராளம். அடுத்த வருடம் நூல் விலை ஏறி, மிஞ்சுவது 6 ரூபாய் ஆகிறது. இப்போது பாதி என்பது 3 ரூபாய். நஷ்டம் வந்தால் ஒன்றுமே இல்லை. விற்பனையில் பங்கு தருபவரோ அப்போதும் 12 ரூபாயை எடுத்து வைத்தாக வேண்டும். அப்புறம், நிறுவனர் சம்பளமும் விளம்பரச் செலவும் எவ்வளவு என்று தீர்மானிப்பது நிறுவனமே. லாபம் என்ற எண் அதற்குப் பிறகுதான் பிறக்கிறது.

அமெரிக்காவின் பட்டகோனியா என்ற உடை நிறுவனம் 1985 முதல் விற்பனையில் 1 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் அமைப்புகளுக்குக் கொடுத்து வருகிறது. இளைஞர் நலன் அதன் துறை இல்லை. ஆனாலும் இந்த முறைக்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும்: புதிதாகத் தொடங்கிய சின்ன நிறுவனத்தை நஷ்ட வருடத்தில் இந்த முறை நெருக்கிவிடும். லாபப் பங்கு முறையில் அது மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, ஒன்று வாங்கினால் ஒன்று தானம். 2006-ல் டாம்ஸ் காலணி நிறுவனம் தொடங்கியதே இப்படித்தான். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரின் கிராமங்களில் நடந்த ஆய்வில் பிள்ளைகளுக்கு அந்தக் காலணிகள் பிடித்திருந்தன. அவர்கள் வாழ்க்கையில் பெரிய மாற்றம் மட்டும் தெரியவில்லை. தங்கள் குடும்பத் தேவையை வெளியார் கவனிக்க வேண்டும் என்ற எண்ணமும் காலணி பெற்ற பிள்ளைகளிடம் சற்றுக் கூடியிருந்தது. டாம்ஸ் பிற்பாடு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தருவது என்று மாறியது. அதே காலத்தில், 2019 இறுதியில், கடன் கொடுத்தவர்கள் கைக்கே நிறுவனம் போனது. கடன் சுமை உள்ள இடத்தில் லாபத்தை நம்பியிருக்கும் அறக்கட்டளையின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

என் மனம் நிற்பது நான்காவது வழியில். 2004-ல் ஜிம் கோகன் தொடங்கிய 'அலைவ் அண்ட் கிக்கிங்' என்ற அமைப்பு கென்யாவில் பந்து தைக்கிறது. பிறகு ஜாம்பியாவிலும் தைத்தது. உள்ளூர்த் தோல், உள்ளூர்த் தையல்காரர்கள், கரடுமுரடான மண் மைதானத்தைத் தாங்கும் கைத்தையல் பந்து. எச்.ஐ.வி., மலேரியா பற்றிய செய்திகளைப் பந்தின் மேலேயே அச்சிட்டார்கள். விளையாட்டு வழியாக இளைஞர்களுக்குச் சுகாதாரக் கல்வியும் நடக்கிறது. இங்கே தொழிலை நடத்துவதே தொண்டு நிறுவனம்தான். லாபத்தைக் கணக்கிடுபவரும் அதைப் பெறுபவரும் ஒரே ஆள் என்பதால், மேலே சொன்ன சந்தேகத்துக்கே இடமில்லை. லாபமே வராத மாதத்திலும் தைத்தவர் வீட்டுக்குக் கூலி போய்ச் சேர்ந்திருக்கும். பாகிஸ்தானின் சியால்கோட்டில் குழந்தைகள் பந்து தைத்த படங்கள் 1996-ல் உலகை உலுக்கி, பந்துத் தையலில் குழந்தைத் தொழிலை ஒழிக்க 1997-ல் அட்லாண்டா ஒப்பந்தம் வந்ததை நினைத்தால், தைக்கும் கைக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியை நன்கொடைக்குப் பின்னால் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

வாங்கும் பொறுப்பு என்னிடம் இருந்தால், பந்துக்கு இப்படிப்பட்ட தையல் கூடத்தைத்தான் தேடுவேன். ஜெர்சிக்கு விற்பனையில் பங்கு தருபவர். லாபத்தில் பங்கு என்பவரிடம், போன வருடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்பேன். சதவீதத்தில் இல்லாமல் ரூபாயில் பதில் வந்தால், அவருக்கும் ஒரு ஆர்டர் உண்டு.