கொழும்பு – மாலே: டிக்கெட்டில் ஒரு மணித்தியாலம், கையில் ஆறு

கொழும்பிலிருந்து மாலைதீவின் தலைநகர் மாலேக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். காலை 10.00-க்கு ஏறினால் 11.00-க்கு இறங்கலாம் என்றும், திரும்பும்போது 12.00-க்கு ஏறினால் 14.00-க்குத்தான் இறங்கலாம் என்றும் டிக்கெட்டில் போட்டிருந்தால் யாருக்கும் குழப்பம் வரும். இரண்டு பக்கமும் ஒன்றரை மணித்தியாலம்தான். மாலைதீவு நேரம் நம் இலங்கை நேரத்துக்கு அரை மணித்தியாலம் பின்னால்.

தூரம் நேர்கோட்டில் சுமார் 775 கிலோமீற்றர், அதாவது 420 கடல் மைல். வானில் இருப்பது ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். மிச்சம் தரையில் உருளுவதிலும் வரிசையில் நிற்பதிலும் போகும். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவில் 22-ஆம் ஓடுபாதையால், அதாவது தென்மேற்கு நோக்கி, எழும்பினால் கிட்டத்தட்ட நேராக மாலே பக்கம். 04-ஆல், அதாவது அதே ஓடுபாதையில் வடகிழக்கு நோக்கி, எழும்பினால் எதிர்த்திசையில் போய்த் திரும்பவேண்டும். மாலேயிலும் அப்படித்தான்: 36-இல், அதாவது வடக்கு நோக்கி, இறங்கினால் தெற்கே சுற்றி வரும். அந்தச் சுற்று வீணல்ல. இடப்பக்க ஜன்னலில் மாலே நகரம் முழுசாகத் தெரியும். 18-இல், அதாவது தெற்கு நோக்கி, இறங்கினால் வலப்பக்கம்.

முன்பெல்லாம் மாலே விமான நிலையம் இருக்கும் தீவான ஹுல்ஹுலேயில் இறங்கிய விமானம் ஓடுபாதையிலேயே திரும்பி ஊர்ந்து வரும், பின்னால் வருபவை வானில் வட்டமடிக்கும். 2022-இல் 3,400 மீற்றர் புதிய ஓடுபாதை திறந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை.

என் எரிச்சல் முழுக்கத் தரையில்தான். கொழும்பிலிருந்து அதிவேக வீதியில் வந்தாலும், களனிப் பாலத்தைத் தாண்டும்வரை எதுவும் நம் கையில் இல்லை. மூன்று மணித்தியாலம் முன்னதாக வரச்சொல்வார்கள். வாசலிலேயே பொதிகளை ஒருமுறை ஸ்கேன் செய்து, உள்ளே மறுபடியும் பரிசோதிப்பார்கள். ஒன்றரை மணித்தியாலப் பயணத்துக்கு வீட்டுவாசலிலிருந்து ஆறு மணித்தியாலம் என்று கணக்குப்போடுங்கள். மாலைதீவுக்குள் நுழையும் பயணிகள் நிரப்பவேண்டிய 'இமுகா' படிவத்தைப் பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள், அது இலவசம். மதுப் போத்தல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், உங்களுக்கும் பின்னால் நிற்பவருக்கும் நேரம் போகும்.

மாலே விமான நிலையத்துக்கு வெளியே வந்ததும் கடல், எதிரே படகுத்துறை. உலகத்தில் வேறு எந்த விமான நிலையமும் இப்படி என்னைச் சமாதானப்படுத்தியதில்லை. 2018-இல் திறந்த சினமாலே பாலத்தால் மாலே நகருக்கு டாக்சியிலும் போகலாம், ஆனால் படகும் பத்து நிமிடம்தான். பெட்டி ஒன்றே ஒன்று என்றால் படகுதான் என் தெரிவு.

ரிசோர்ட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டுவையுங்கள். சில தீவுகள் வெளிச்சத்துக்காகத் தங்கள் கடிகாரத்தை மாலே நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைத்திருக்கும். அப்படியானால் அங்கே கொழும்பைவிட அரை மணித்தியாலம் முன்னால். திரும்பும் படகு எட்டு மணிக்கு என்றால், எந்த எட்டு மணி? கடல்விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும், பிற்பகல் 3.30-க்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்றைக்கு அநேகமாகக் கிடைக்காது. இரவு விமானம் மலிவு என்று எடுத்தால் மாலேயில் ஓர் அறை வாடகையும் சேரும்.

பறப்பு அருமை, இறங்குமிடம் அதைவிட அருமை. ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்காக என்று கேட்டால், போகவேண்டாம் என்றுதான் சொல்வேன். போக அரை நாள், வர அரை நாள் போனால் மிச்சம் ஒரு நாள். அதற்கு நீர்கொழும்பிலேயே அறை போட்டுக் கடலைப் பார்க்கலாம்.