நீதிமன்றமா, சட்டமன்றமா: இரண்டு வழக்கறிஞர்கள்

அமெரிக்காவில் 1950களில் சட்டம் படித்து முடித்த இரண்டு பெண்கள். பேட்ஸி மிங்க், ரூத் பேடர் கின்ஸ்பர்க். திருமணமாகிக் குழந்தையும் இருந்ததால் இருவருக்கும் சட்ட நிறுவனங்கள் கதவைச் சாத்தின. அப்புறம் பாதை பிரிந்தது. பெண்களின் சம உரிமைக்கு எந்தப் பாதை மேல்?

கின்ஸ்பர்க் நீதிமன்றத்தைப் பிடித்துக்கொண்டார். 1970களில் உச்ச நீதிமன்றத்தில் பாலினப் பாகுபாடு குறித்த ஆறு வழக்குகளை வாதாடி ஐந்தில் வென்றார். நிதானமான வழி; ஒரு வழக்கில் ஒரு செங்கல்தான் நகரும். வாக்குக் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

மிங்க் ஹவாயில் சொந்தமாக அலுவலகம் திறந்தார். சட்டமன்றம் வழியாக 1965இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். 1972இல் வந்த 'தலைப்பு ஒன்பது' சட்டத்துக்காகப் பாடுபட்ட முக்கியமானவர்களில் அவரும் ஒருவர். அதன் மையமான ஒரே வாக்கியம், ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள், மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்தது. வகுப்பறையும் விளையாட்டு மைதானமும் சேர்த்துத்தான். அத்தனை வீச்சு ஒரு தனி வழக்குக்குக் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் தேர்தல் இரக்கமற்றது. 1976இல் செனட் எனும் மேலவைக்கான தன் கட்சியின் வேட்பாளர் தேர்வில் தோற்ற மிங்க், மீண்டும் நாடாளுமன்றம் வந்தது 1990இல். கின்ஸ்பர்க் 1993இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அது ஆயுட்காலப் பதவி.

என் ஓட்டு மிங்க்குக்கு, நூலிழையில்.