மன்னார்குடி - பைங்காநாடு ரோட்டு டீக்கடை: டீ அருமை, டம்ளர் கழுவுறதுதான் பிரச்சனை

டெல்டா பக்கம் போறோம் டிகிரி காபி எங்க நல்லாருக்கும்னு மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க. நான் சொல்லப்போற கடையில காபியே கிடையாது, அதனால காபிக்காக படிக்கிறவங்க இதோட நிறுத்திக்கலாம்.

மன்னார்குடியிலேருந்து பைங்காநாடு போற வழியில ஒரு புங்கமரம், அதுக்கு கீழ கீத்துக்கொட்டாய், ரெண்டு பெஞ்சு, அதுல ஒண்ணுக்கு ஒரு கால் செங்கல்லு. பேர் போர்டு கிடையாது. கமலா ஹாரிஸோட அம்மாவழி தாத்தா ஊர் துளசேந்திரபுரம் இங்கேருந்து பக்கத்துலதான், அந்த தர்மசாஸ்தா கோயில் கல்வெட்டுல நன்கொடை குடுத்தவங்க லிஸ்ட்ல அந்தம்மா பேரு இருக்குறத பாக்க வர்றவங்க போறப்ப இங்க ஒரு டீ குடிச்சுட்டு போவாங்க. ஊர்ல அமெரிக்க எலெக்‌ஷன் பேசுற டீக்கடைன்னு ஒண்ணு இருந்தா அது இதுதான், நான் இத எழுதுறதுக்கு பாதி காரணமும் அதான்.

முன்னாடி காபி போட்டுட்டுதான் இருந்தாரு கடைக்கார அண்ணன். எதிர்த்தாப்ல பித்தளை டபரா செட்டு, ஏசி ரூம், கார் நிறுத்த இடம்னு ஒரு டிகிரி காபி கடை வந்துச்சு, வந்த வாரமே இவரு காபிய நிறுத்திட்டாரு. ஏண்ணே பயந்துட்டீங்களான்னு கேட்டேன். "அவன் வச்சிருக்குறதயே நானும் வச்சா எவன் தம்பி இங்க வருவான்"ன்னாரு. இப்ப காபி கேட்டா கையாலயே எதிர்கடைய காட்டுவாரு, மூஞ்சில ஒரு வருத்தமும் தெரியாது.

டீய பத்தி சொல்லிடுறேன். பால் காலைல கறந்தது, பக்கத்து தெருவிலேருந்து தூக்குல வரும், தண்ணி கலக்குறதில்ல (கலந்தாலும் எனக்கு தெரியாத அளவுக்குதான் கலக்குறாரு). பாய்லர் தண்ணில டிகாஷன் தனியா, துணி வடிகட்டில டஸ்ட் டீத்தூள், ஒரு தடவ எறக்குனத ரெண்டாவது தடவ எறக்குறது கிடையாது, காலைல மட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல போனீங்கன்னா அதே தூள்தான் ஊறிக்கிட்டு கெடக்கும், கசக்கும், இத மூஞ்சிக்கு நேராவே சொல்லிருக்கேன், "சாயங்காலம் வர்றவன் டீக்கு வர்றதில்ல தம்பி பஜ்ஜிக்கு வர்றான்"னு பதில் வச்சிருக்காரு. வாழைக்காய் பஜ்ஜி நல்லாதான் இருக்கும், மெல்லிசா சீவுவாரு, மாவு மேல படிஞ்சும் படியாமலும். மெதுவடை வேணாம், நடுவுல வேகல.

இப்ப இந்த கடைல நடந்த ஒரு பந்தயத்துக்கு வர்றேன். 2024 பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தேன். அந்த வருஷம் ஜனவரி 15 பொங்கல், அன்னைக்கேதான் அமெரிக்காவுல அயோவா காகஸ், அதாவது ரிபப்ளிகன் கட்சி அதிபர் வேட்பாளரா யாரை நிறுத்துறதுன்னு முடிவு பண்ற மொத எடம். கடைல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் உக்காந்துருப்பாரு, சரித்திர பாடம் எடுத்தவரு, அண்ணனுக்கு எட்டாங்கிளாஸ்ல இவருதான் வாத்தியாராம், அதனால இன்னைக்கும் டேய்தான். சாரோட பொண்ணு டெ மாயின்ல வேலை பாக்குது, அதான் அயோவா தலைநகரம், அதனால அயோவா பத்தி கடைசி வார்த்தை சாரோடதுன்னு ஒரு பேச்சு.

சார், அந்த போட்டில நின்ன விவேக் ராமசாமி பக்கம். பாலக்காட்டுலேருந்து போன தமிழ் பேசுற குடும்பம், 38 வயசு, பிரச்சாரத்துல ஒரு தமிழர்கிட்ட ரெண்டு வரி தமிழ்ல பேசுன வீடியோ எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சுல்ல, அத சார் எனக்கே மூணு தடவ அனுப்பிருக்காரு. அயோவாவுல மொத்தம் 99 கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி), அந்த 99யும் ஒரு தடவ இல்ல ரெண்டு தடவ சுத்தி வந்துட்டாரு மனுஷன், வேற யாரும் இவ்ளோ ஒழைக்கலங்குறது சாரோட வாதம். கடைசியா வந்த டெ மாயின் பேப்பர் சர்வேல ட்ரம்ப் 48, நிக்கி ஹேலி 20, டிசான்டிஸ் 16, விவேக் 8. நான் போன்ல காட்டுனேன். சார் ஒத்துக்கல, சின்னப்பசங்க சர்வேக்காரன் போன எடுக்கமாட்டான் அவன் ஓட்டெல்லாம் இதுல வராது, மூணாவது எடம் நிச்சயம்னாரு.

எனக்கும் அப்ப சார் சொல்றது கொஞ்சம் சரின்னுதான் பட்டுச்சு, ஏன்னா அயோவா இந்த மாதிரி வேலைய முன்னாடி பண்ணிருக்கு. 1976ல டெமாக்ரட் கட்சில ஜிம்மி கார்ட்டர்னு ஒரு கடலை விவசாயி, ஜார்ஜியாவுல கவர்னரா இருந்தவரு, வெளில பெருசா யாருக்கும் தெரியாது, அயோவாவுல வீடு வீடா போயி உக்காந்து பேசுனாரு. அவரு மொத எடம் கூட வரல தெரியுமா, மொத எடம் வந்தது "யாருக்கும் இல்ல"ங்குற கட்டம், 37 சதவீதம், நம்ம நோட்டா ஜெயிச்ச மாதிரி. கார்ட்டருக்கு 28 சதவீதம் கிட்ட. ஆனா மனுஷங்கள்ல அவருதான் முன்னாடி, பேப்பர்லெல்லாம் படம் வந்துருச்சு, அந்த வருஷக் கடைசில அதிபர் தேர்தல்லயே ஜெயிச்சுட்டாரு. அயோவாவுக்கு அடுத்து வந்த மாநிலம் நியூ ஹாம்ப்ஷயர், அங்க 1968ல யூஜின் மெக்கார்த்தின்னு ஒரு செனட்டர் தோத்தாரு, 42 சதவீதம்தான், ஜெயிச்சது அதே கட்சில அதிபர் பதவில இருந்த ஜான்சன், ஆனா ஒரு சிட்டிங் அதிபர எதுத்து 42 வாங்கிட்டானான்னு ஊரே பேசிருச்சு, அந்த மாசம் 31ம் தேதி ஜான்சன் நான் மறுபடி நிக்கலன்னுட்டாரு. 2008ல ஒபாமாவும் மொத ஜெயிச்சது இதே அயோவாவுலதான், வெள்ளைக்காரங்களே ரொம்ப அதிகமா இருக்குற ஊர்ல. அதாவது இந்த மொத ரெண்டு எடத்துல சின்ன ஆளு ஜெயிக்கணும்னு அவசியமில்ல, இவனுக்கு இவ்ளோதான்னு ஊர் நெனச்சு வச்சுருக்குற அளவ தாண்டணும். நம்ம ஊர்ல டெபாசிட் போயிடும்னு சொன்ன ஆளு ரெண்டாவது வந்துட்டா அடுத்த எலெக்‌ஷன்ல பெரிய கட்சி கூப்புட்டு சீட்டு குடுக்கும்ல, அதே கணக்கு.

அண்ணன் டிகாஷன் எறக்கிக்கிட்டே எல்லாத்தையும் கேட்டாரு. கேட்டுட்டு அவரு சொன்னது: "சார், நான் கடை போடுறதுக்கு முன்னாடி நடவு அறுப்புக்கெல்லாம் சைக்கிள்ல கேன் கட்டிக்கிட்டு வரப்பு வரப்பா டீ கொண்டு போவேன்ல, ஒம்பது ஊரு. அத்தன பேரும் குடிச்சான், அத்தன பேரும் நல்லாருக்குன்னான். கடை போட்டேன், ஒருத்தனும் வரல. வயலுக்கு வந்துச்சு குடிச்சான், அம்புட்டுதான்." அப்பறம் டம்ளர என்கிட்ட நீட்டிட்டு ஒரு கேள்வி கேட்டாரு பாருங்க, அந்த பையன் ட்ரம்ப்ப என்ன சொல்லி திட்டுறான்னு. திட்டவே இல்லண்ணே, இந்த நூற்றாண்டோட நல்ல அதிபர்னுல்ல சொல்றாருன்னேன். "அப்ப முடிஞ்சுச்சு. மெயின் கடை தொறந்து இருக்கப்ப அதே சரக்க விக்கிற கிளைக்கு என்னாத்துக்கு வருவான்?"

பந்தயம் இதான்: விவேக் மூணாவது வந்தா சாருக்கு ஒரு வாரம் டீ ஓசி, வரலன்னா பெஞ்சுல இருக்குற அத்தன பேருக்கும் சார் செலவுல பஜ்ஜி.

காகஸ் அவுங்களுக்கு சாயங்காலம் ஏழு மணி, நமக்கு மறுநாள் காலைல ஆறரை, மாட்டுப்பொங்கல். அன்னைக்கு கடை காலைல மட்டும்தான்னு சொல்லிருந்தாரு. ஆறு மணிக்கே போயிட்டேன், பனி, மார்கழி முடிஞ்சும் விடல. அண்ணன் அப்பதான் மாட்டுக்கு கொம்பு பெயின்ட் அடிச்சுட்டு வந்துருக்காரு, விரலெல்லாம் நீலம், மண்ணெண்ணெய் போட்டு தொடச்சும் போகல, எனக்கு குடுத்த டம்ளர்ல கட்டைவிரல் ரேகை நீலமா பதிஞ்சு இருந்துச்சு. வாசனையும் இருந்துச்சுன்னு வச்சுக்குங்க. சார் பொண்ணு வீடியோ கால்ல ஜன்னலுக்கு வெளில காட்டுது, மைனஸ் இருவது கிட்டயாம், ரோடெல்லாம் வெள்ளை. அங்க ரிபப்ளிகன்காரங்க முறை என்னன்னா ஸ்கூல்லயோ சர்ச்லயோ கூடுவாங்க, ஒவ்வொரு ஆளுக்கும் சார்பா ஒருத்தர் எந்திரிச்சு கொஞ்ச நேரம் பேசுவாரு, அப்பறம் வெறும் சீட்டுல பேர எழுதி மடிச்சு போடணும். டெமாக்ரட்டுங்க 2020 வரைக்கும் வச்சுருந்தது இன்னும் வேடிக்கை, ஆளுக்கொரு மூலைல போய் நிக்கணும், 15 சதவீதம் ஆள் சேராத மூலையெல்லாம் கலைஞ்சு வேற மூலைக்கு போகணும். இத சார் வெளக்குனப்ப பெஞ்சுல ஒருத்தரு, நம்ம ஊர்ல மூலை மூலையா நிக்க சொன்னா ராத்திரி வீடு போய் சேரமுடியாதுங்கன்னாரு.

ஏழு மணிக்கெல்லாம் ட்ரம்ப் ஜெயிச்சாச்சுன்னு சொல்லிட்டாங்க, பல எடத்துல இன்னும் சீட்டே எழுதி முடிக்கல. ட்ரம்ப் 51, டிசான்டிஸ் 21, ஹேலி 19, விவேக் 7.7. நாலாவது. ஓட்டா பாத்தா எட்டாயிரத்து சொச்சம். மொத்தமே ஒரு லட்சத்து பத்தாயிரம் ஓட்டுதான், நம்ம ஒரு சட்டமன்ற தொகுதில விழுறதவிட கம்மி, அதுக்குதான் உலகமே பாத்துக்கிட்டு இருந்துச்சு. 99 கவுன்ட்டில 98 ட்ரம்ப்புக்கு, மிச்சம் ஒண்ணு ஜான்சன் கவுன்ட்டி, அத ஹேலி ஒரே ஒரு ஓட்டுல எடுத்தாங்க, ஒரு ஓட்டு! ஒம்பது மணிக்குள்ள விவேக் போட்டிலேருந்து வெலகி ட்ரம்ப்புக்கே ஆதரவுன்னு அறிவிச்சாச்சு. ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் அந்த ட்ரம்ப்பே இவருக்கு ஓட்டு போட்டு ஏமாறாதீங்கன்னு எழுதிருந்தாரு. அண்ணன் ஒண்ணும் சொல்லல, எண்ணெய் சட்டிய அடுப்புல ஏத்துனாரு. பதினோரு பேருக்கு பஜ்ஜி, காலைலயே. நல்லா சூடா இருந்துச்சு அன்னைக்கு, இந்த கடைல நான் சாப்ட்டதுலயே அதான் பெஸ்ட் பஜ்ஜி, ஓசிங்குறதாலயும் இருக்கலாம்.

சார் விடல, அடுத்த வாரம் நியூ ஹாம்ப்ஷயர், நிக்கி ஹேலி ஜெயிப்பாங்கன்னு மறுபடி பந்தயம். இதுல கொஞ்சம் ஞாயம் இருந்துச்சு. அங்க எந்த கட்சியும் பதிவு பண்ணிக்காத ஓட்டர்ங்க பத்துல நாலு பேர் கிட்ட, அவுங்க எந்த கட்சி பிரைமரில, அதாவது வேட்பாளர் தேர்வுல, வேணா போய் ஓட்டு போடலாம், டெமாக்ரட் பக்கம் பைடன் பேரே சீட்டுல இல்லாததால அங்க சுவாரசியமும் இல்ல, அந்த மாநில கவர்னர் சுனுனு வேற ஹேலி கூடவே சுத்துனாரு. சரக்கும் வேற, ட்ரம்ப் வேணாம்னு நெனக்கிறவங்களுக்கு போறதுக்கு ஒரு கடை. அண்ணனே இதுக்கு கொஞ்சம் யோசிச்சாரு. "இந்தம்மா வேற சரக்குதான். ஆனா அந்த சரக்கு வேணும்கிறவன் அந்த கட்சில எத்தன பேரு?" அதோட நான் சென்னைக்கு வந்துட்டேன். டிக்ஸ்வில் நாட்ச்னு ஒரு குட்டி ஊர்ல நடுராத்திரியே ஓட்டு போடுவாங்க, மொத்தம் ஆறு ஓட்டு, ஆறும் ஹேலிக்கு, சார் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிருந்தாரு. மறுநாள் காலைல ட்ரம்ப் 54, ஹேலி 43. 43ங்குறது மோசமில்ல, மெக்கார்த்தி வாங்குனதவிட ஒண்ணு கூட, ஆனா மெக்கார்த்தியப்ப ஊர் நெனச்சது கம்மி, இந்தம்மாவ ஜெயிக்கலாம்னு நெனச்சு வச்சுருந்தாங்க. அந்த எடமே கைய விட்டுப்போனா வேற எங்க, அதான் சொந்த மாநிலம் சவுத் கரோலினாவுலயும் தோத்து, நாட்டோட தலைநகரம் வாஷிங்டனும் வெர்மான்ட் மாநிலமும் மட்டும் ஜெயிச்சு மார்ச் மாசம் ஒதுங்கிட்டாங்க.

கமலா விஷயம் அண்ணன் சொல்றது வேற ரகம். 2019ல ஓக்லாண்ட்ல இருவதாயிரம் பேர் கூட்டத்தோட அதிபர் பிரச்சாரத்த ஆரம்பிச்சவங்க, அயோவா வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே டிசம்பர்ல வெலகிட்டாங்க. 2024ல பைடன் ஒதுங்குனதும் வேட்பாளர் ஆயிட்டாங்க. "மொத தடவ ஓட்டே வாங்காம போனாங்க, ரெண்டாவது தடவ ஓட்டே வாங்காம வந்துட்டாங்க." அந்த நாலு மாசம் டிவிக்காரங்க வந்து போனதுல பால் பத்தல, ரெண்டு எடத்துலேருந்து வாங்குனாராம்.

சரி கடைக்கு வர்றேன். குறை ரெண்டு. ஒண்ணு டம்ளர், ஒரே பக்கெட் தண்ணில முக்கி எடுக்குறாரு, நேரம் ஆக ஆக அந்த தண்ணிய பாக்காம இருக்குறது நல்லது, வெந்நில கழுவி குடுங்கண்ணேன்னு கேட்டா குடுப்பாரு, கேக்கணும். இன்னொண்ணு கூகுள் பே, ஸ்கேனர் ஒட்டிருக்காரு ஆனா அங்க டவர் கிடைக்காது, ரோட்டுக்கு நடுவுல போய் நின்னு போட்டுட்டு வரணும், அதனால சில்லறையோட போங்க. பாத்ரூம் கிடையாது, எதிர் காபி கடைல இருக்கு, அவங்க ஒண்ணும் சொல்றதில்ல. காலைல நாலரைக்கு தொறப்பாரு, பத்து மணி வரைக்கும், அப்பறம் மூணு மணிக்கு மேலதான். டீ 12 ரூவா.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒரு ஸ்டார் பக்கெட்டுக்கு. இந்த தடவ போனப்ப சார் இருந்தாரு, விவேக் இப்ப ஒஹையோ கவர்னருக்கு நிக்கிறாருடா தெரியுமான்னு ஆரம்பிச்சாரு, அண்ணன் பஜ்ஜி மாவு கரைச்சுக்கிட்டே, "பெஞ்சுல இன்னைக்கு ஒம்பது பேர் இருக்கோம் சார், எண்ணிக்குங்க"ன்னாரு.