பிப்பா, ஆப்டா? சேர்வரில் பைதன் மொடியூல் ஏறாதபோது

வெள்ளவத்தையில் ஒரு கடையின் கணக்குச் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் இரவு அதில், பைதனைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைக்கும் சைகோபிஜி2 மொடியூலை, பைதனின் ஏற்றும் கருவியான பிப் வழியாக ஏற்றப் போனேன். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. எல்லோரும் கடைசி வரியைத்தான் பார்ப்போம். உண்மையான காரணம் கொஞ்சம் மேலே இருக்கும். எனக்கு அங்கே கிடைத்தது, 'பிஜி_கொன்ஃபிக் இல்லை' என்ற ஒரே வரி. போஸ்ட்கிரெஸ் லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவி அது.

பிப் இந்த மொடியூலின் சி மொழி மூல நிரலை இறக்கி, உங்கள் சேர்வரிலேயே கம்பைல் செய்கிறது, அதாவது இயங்கும் நிரலாக மாற்றுகிறது. அதற்கு ஜிசிசி (சி கம்பைலர்), பைதன்3-டெவ் (பைதனின் துணைக் கோப்புகள்), லிப்பிக்யூ-டெவ் (போஸ்ட்கிரெஸின் துணைக் கோப்புகள்) மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் நின்றுவிடும். மூன்றையும் போட்டேன், ஏறிவிட்டது.

டெபியன் போன்ற லினக்ஸ் சிஸ்டங்களின் சொந்த ஏற்றும் கருவியான ஆப்டில் இந்தப் பாடே இல்லை. அதே மொடியூல் பைதன்3-சைகோபிஜி2 என்ற பெயரில் கம்பைல் ஆகியே வருகிறது, தேவையான லைப்ரரியையும் கூட்டி வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்களும் சிஸ்டத்தோடு சேர்ந்து வரும். ஆனால் பதிப்பு பழையது. அப்புறம், ஒரு செயலிக்கென்று தனியாகப் பிரித்து வைக்கும் பைதன் இடமான வெர்ச்சுவல் என்விரோன்மென்டுக்குள் அது சாதாரணமாகத் தெரியாது. 'போட்டேனே, ஏன் இம்போர்ட் ஆகவில்லை?' என்று பலர் தடுமாறுவது இங்கேதான்.

2023இல் வந்த டெபியன் 12 முதல், சிஸ்டம் பைதனில் பிப் நேரடியாக எழுத விடாது. அந்தத் தடையை வலிந்து நீக்கும் தெரிவு இருக்கிறது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், சிஸ்டத்தின் சொந்தக் கருவிகளே உடையலாம்.

ஒரே ஒரு சின்னச் செயலி என்றால் நான் ஆப்டையே எடுப்பேன். இரண்டு செயலிகள் வெவ்வேறு பதிப்புக் கேட்டால், தனித்தனி என்விரோன்மென்டும் பிப்பும்தான் சரி.